மழை மாறிடுச்சான்னு நீங்களே கணக்கு போட்டு பாக்குறது எப்படி

"முன்ன மாதிரி மழையே இல்லப்பா"ன்னு ஒருத்தர் சொல்வாரு, ஒரே ராத்திரில கொட்டித் தீத்து வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா "என் வாழ்நாள்ல இப்படி ஒரு மழைய பாத்ததே இல்ல"ன்னு அதே ஆளு சொல்வாரு. கேக்குறதுக்கு முன்னுக்குப் பின் முரணா இருக்கும், ஆனா பூமி சூடாகும்போது மழைக்கு நடக்குறதே இதுதான், ரெண்டு பேச்சும் ஒரே ஊருக்கு ஒரே காலத்துல சரியா இருக்கலாம். என்ன ஒண்ணு, வாய்ப்பேச்ச வச்சு முடிவுக்கு வர முடியாது, மனுஷ ஞாபகத்துல பெரிய வெள்ளம் மட்டும்தான் நிக்கும், சும்மா தூறிட்டுப் போன நாள் எதுவும் நிக்காது. அதனால தினசரி மழை டேட்டாவ எடுத்து நாமளே பாத்துடலாம், எக்செல்லோ கூகுள் ஷீட்டோ தெரிஞ்சா போதும், கோடிங் எல்லாம் வேண்டாம்.

எத தேடுறோம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

நிறைய பேர் நேரா வருஷ மொத்த மழைய எடுத்து ஒரு கிராஃப் போட்டு, கோடு ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல, அப்போ ஒண்ணும் மாறலன்னு முடிச்சுடுறாங்க. என்னக் கேட்டா இந்த விஷயத்துல வருஷ மொத்தம்தான் இருக்குறதுலயே மந்தமான நம்பர். ஏன்னு சொல்றேன்.

காத்து சூடானா அதுல இருக்கக்கூடிய நீராவியோட அளவு ஏறும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 7%. கிளாசியஸ்-கிளாப்பிரான் சமன்பாடுன்னு 19ஆம் நூற்றாண்டுலேர்ந்தே இருக்குற பழைய பௌதிகம்தான், புதுசா யாரும் கண்டுபிடிக்கல. 20 டிகிரில ஒரு கனமீட்டர் காத்துல அதிகபட்சம் 17 கிராம் சொச்சம் நீராவி இருக்கும், 30 டிகிரில அதே கனமீட்டர்ல 30 கிராம் இருக்கும். மழை மேகம் ஒண்ணு கட்டி சுத்துவட்டார ஈரத்தையெல்லாம் உள்ள இழுத்துக் கொட்டும்போது கொட்டுறதுக்கு சரக்கு அந்த அளவுக்கு ஜாஸ்தி, அதனால பெருமழை ஏறக்குறைய இதே விகிதத்துல கனமாகுது. ஒரு மணி நேரத்துக்குள்ள கொட்டி முடிக்குற இடிமழைல சில இடங்கள்ல இதுக்கும் மேல, டிகிரிக்கு 14% வரைக்கும் கூட பாத்திருக்காங்க, ஏன்னா மழை பெய்யும்போது வெளியாகுற வெப்பமே மேகத்த இன்னும் வேகமா மேல தள்ளும்.

ஆனா உலகம் முழுசுக்கும் சேத்து பெய்யுற மொத்த மழை அந்த வேகத்துல ஏறாது, டிகிரிக்கு 1லேர்ந்து 3% தான். இதுக்கு காரணம் ஈரம் பத்தாதுன்னு இல்ல, வெப்பக் கணக்கு. நீராவி தண்ணியாகும்போது வெப்பத்த விடும், அந்த வெப்பத்த வளிமண்டலம் விண்வெளிக்கு அனுப்பியாகணும், அது அனுப்புற வேகத்துக்கு மேல மொத்த மழை ஏற முடியாது. பர்ஸ் 7% பெருசாகுது, சம்பளம் 2% தான் ஏறுது, அப்போ பர்ஸ் நிரம்ப முன்னவிட நாளாகும், நிரம்பிட்டா ஒரேயடியா பெரிய செலவு. பெருமழை கனமாகுறதும், மழைக்கும் மழைக்கும் நடுவுல இடைவெளி நீளுறதும் ஒரே கணக்குலேர்ந்து வர்ற ரெண்டு விளைவு. வருஷ மொத்தத்த மட்டும் பாத்தா இந்த ரெண்டும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு கண்ணுக்கே தெரியாம போயிடும்.

இதுக்கு நல்ல உதாரணம் மத்திய இந்தியா. 1950லேர்ந்து 2015 வரைக்கும் அங்க பருவமழையோட மொத்தம் குறைஞ்சுகிட்டே வந்துச்சு, அதே காலத்துல பரவலா கொட்டுற அதிகனமழை நிகழ்வுகள் 3 மடங்காச்சு. மொத்தத்த மட்டும் பாத்தவங்க வறட்சிப் பக்கம் போகுதுன்னு சொல்லியிருப்பாங்க, அது பாதி உண்மை.

இன்னொண்ணு, எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி நடக்கும்னு எதிர்பாக்காதீங்க. துருவங்களுக்குப் பக்கத்துல இருக்குற பகுதிகள்ல மொத்த மழை ஏறுது, மத்தியதரைக்கடல் பகுதி, தென்மேற்கு ஆஸ்திரேலியா மாதிரி இடங்கள்ல மொத்தம் இறங்குது. இறங்குற இடத்துல பெருமழை வராதுன்னும் அர்த்தம் இல்ல, 2024 அக்டோபர்ல ஸ்பெயின்ல வலென்சியா பக்கம் துரீஸ்ங்கற ஊர்ல ஒரே நாள்ல 770 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அதுவும் மத்தியதரைக்கடல் ஓரம்தான்.

டேட்டா எடுக்குறது

உங்களுக்கு வேண்டியது தினசரி மழை அளவு, குறைஞ்சது 50 வருஷத்துக்கு, 60 70 இருந்தா இன்னும் நல்லது. மாச மொத்தம் குடுத்தாங்கன்னா வாங்காதீங்க, மாசக் கணக்குல நாம தேடுற விஷயம் ஏற்கனவே அழிஞ்சு போயிருக்கும். உங்க நாட்டு வானிலைத் துறைகிட்ட பக்கத்து ஸ்டேஷன் பதிவு இருக்கும், அத முதல்ல கேளுங்க. அது கிடைக்கலன்னா அமெரிக்க அரசோட வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா (NOAA) உலகம் பூரா இருக்குற ஸ்டேஷன்களோட தினசரி பதிவ ஒண்ணா சேத்து இலவசமா குடுக்குது. பக்கத்துல ஸ்டேஷனே இல்லன்னா ஐரோப்பாவோட ஈஆர்ஏ5 (ERA5) இருக்கு, உலகத்த கட்டம் கட்டமா பிரிச்சு பழைய அளவீடுகளையும் கம்ப்யூட்டர் மாடலையும் சேத்து கணக்கு போட்ட டேட்டா, 1940லேர்ந்து உலகம் முழுசுக்கும் கிடைக்கும், இல்லன்னா சிர்ப்ஸ்னு (CHIRPS) ஒண்ணு, சேட்டிலைட்டையும் மழைமானியையும் கலந்து 1981லேர்ந்துதான் தர்றாங்க, அதனால மேல சொன்ன 50 வருஷம் இதுல தேறாது.

இதுல என் சாய்ஸ் எப்பவும் மழைமானி பதிவுதான். ஈஆர்ஏ5 ஒரு கட்டத்துக்கு சுமார் 31 கிலோமீட்டர் அகலம், அந்த கட்டம் முழுசுக்கும் சராசரி போட்டு ஒரு நம்பர் குடுக்கும், ஒரு மூலைல 200 மில்லிமீட்டர் கொட்டி இன்னொரு மூலைல வெயில் அடிச்சிருந்தாலும் உங்களுக்கு தெரியாது. மொத்த மழைக்கு அது ஓகே, பெருமழைக்கு உச்சத்த மழுங்கடிச்சுடும். மழைமானியையும் கட்டத்தையும் ஒரே கிராஃப்ல ஒட்டுப்போட்டு, பழச இதுலேர்ந்தும் புதுச அதுலேர்ந்தும் எடுத்தீங்கன்னா மாற்றம்னு நீங்க பாக்குறது வெறும் ஒட்டுப்போட்ட தையல்தான்.

டேட்டாவ சுத்தம் பண்றது, இத தாண்டிப் போகாதீங்க

சலிப்பா இருக்கும், ஆனா தப்பு நடக்குறது முக்கால்வாசி இங்கதான். முதல்ல, காலியா இருக்குற நாளும் 0 மழை நாளும் ஒண்ணு இல்ல. நிறைய ஃபைல்ல பதிவு இல்லாத நாளுக்கு மைனஸ் 9999 மாதிரி ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, அத அப்படியே கூட்டிட்டா வருஷ மழை மைனஸ்ல போகும், அதுவாவது பரவால்ல, கண்ணுல பட்டுடும், ஆனா காலி நாளையெல்லாம் ஷீட் 0ன்னு எடுத்துக்கிட்டா வறண்ட இடைவெளி நீளமான மாதிரி தெரியும், கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு வருஷத்துல ரெண்டு வாரத்துக்கு மேல பதிவு இல்லன்னா, அதுவும் மழை சீசன்ல, அந்த வருஷத்த ஒதுக்கி வைங்க.

அடுத்து நாள் கணக்கு. மழைமானிய பொதுவா காலைல ஒரு நேரத்துல பாத்து எழுதுவாங்க, நடு ராத்திரி 12 மணிக்கு இல்ல. ராத்திரி 3 மணிக்கு ஆரம்பிச்சு மதியம் வரைக்கும் விடாம பெஞ்ச மழை பதிவுல ரெண்டு நாளா பிரிஞ்சு 110ன்னும் 130ன்னும் கிடக்கும், நடந்தது 240 மில்லிமீட்டர் மழை ஒண்ணு. அதனால ஒருநாள் மழையோட கூட, அடுத்தடுத்த ரெண்டு நாள கூட்டின ஒரு காலமும் (column) ஷீட்ல போட்டு வச்சுக்கோங்க.

ஸ்டேஷன் இடம் மாறுச்சான்னும் விசாரிங்க. மழைமானிய மொட்டை மாடிலேர்ந்து தரைக்கு மாத்தினாலே அளவு மாறும், காத்து அடிக்குற இடத்துல துளி மானிக்குள்ள விழாம பறந்துடும், பக்கத்துல மரம் வளந்தா மரமே மறைக்கும். ஒரு குறிப்பிட்ட வருஷத்துல கிராஃப் படிக்கட்டு மாதிரி டக்குனு குதிச்சுதுன்னா காலநிலை மேல பழி போடுறதுக்கு முன்னாடி மானிய சந்தேகப்படுங்க.

ஜனவரி டிசம்பர்னு வருஷத்த வெட்டணும்னு கட்டாயமும் இல்ல. உங்க மழை சீசன் வருஷக் கடைசிய தாண்டி ஓடுதுன்னா நடுவுல வெட்டாம, ரொம்ப வறண்ட மாசத்துல வருஷம் ஆரம்பிக்குற மாதிரி வெட்டிக்கோங்க.

இப்போ கணக்கு

ஒவ்வொரு வருஷத்துக்கும் சில நம்பர் எடுக்கணும். மழைநாள் எத்தனை, 1 மில்லிமீட்டர் அல்லது அதுக்கு மேல பெஞ்ச நாள எண்ணுங்க, கவுன்ட்இஃப் (COUNTIF) ஃபார்முலா போட்டா வந்துடும். இந்திய வானிலைத் துறை 2.5 மில்லிமீட்டர்லேர்ந்துதான் மழைநாள்னு எண்ணும், எதுவானாலும் பரவால்ல, கடைசி வரைக்கும் ஒரே அளவுகோல வச்சுக்கோங்க. அப்புறம் வருஷ மொத்தத்த மழைநாளால வகுத்தா ஒரு மழைநாளுக்கு சராசரி எவ்வளவுன்னு வரும். ஒரு கற்பனை ஊர எடுத்துப்போம், பழைய 30 வருஷத்துல சராசரியா வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர், 60 மழைநாள், அப்போ நாளுக்கு 15. புது 30 வருஷத்துலயும் அதே 900 தான், ஆனா மழைநாள் 50, நாளுக்கு 18. மொத்தம் அப்படியே இருக்கு, மழை வேற மழையாயிடுச்சு.

வருஷத்தோட பெரிய ஒருநாள் மழையும், தொடர்ந்து 5 நாள்ல பெஞ்ச பெரிய மழையும் வேணும், ரெண்டுமே மேக்ஸ் (MAX) போட்டா கிடைக்கும். ஒருநாள் மழை தெரு வெள்ளத்துக்கு முக்கியம், 5 நாள் மழை ஆத்து வெள்ளத்துக்கும் நிலச்சரிவுக்கும் முக்கியம், ரெண்டும் எப்பவும் ஒரே திசைல போகணும்னு இல்ல.

நீளமான வறண்ட இடைவெளிக்கு பக்கத்துல ஒரு காலம் போட்டு, மழை 1க்கு கீழ இருந்தா மேல் செல்லோட 1 கூட்டு, இல்லன்னா 0ன்னு ஃபார்முலா எழுதி இழுத்து விட்டீங்கன்னா போதும், அந்த காலத்தோட உச்சம்தான் விடை. வருஷத்துல பாதி எப்படியும் வறண்டு கிடக்குற ஊரா இருந்தா இத மழை சீசனுக்குள்ள மட்டும் பாருங்க, இல்லன்னா வழக்கமான கோடையோட நீளத்த எண்ணிட்டு பெருசா ஏதோ கண்டுபிடிச்ச மாதிரி இருக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது கடைசி நம்பர். ஒரு வருஷத்தோட மழை நாள்களையெல்லாம் பெருசுலேர்ந்து சின்னதுக்கு அடுக்கி, மேலேர்ந்து ஒண்ணொண்ணா கூட்டிட்டு வாங்க, வருஷ மொத்தத்துல பாதிய எத்தனாவது நாள்ல தாண்டுதுன்னு பாருங்க. உலகத்துல இருக்குற ஸ்டேஷன்களோட நடு மதிப்பு வெறும் 12 நாள். ஆமா, வருஷ மழைல பாதி 12 நாள்ல பெஞ்சு முடிஞ்சுடுது, முதல் தடவ இத பாக்குற யாரும் நம்ப மாட்டாங்க, அணை, ஏரி, நிலத்தடி நீர் எல்லாத்தோட தலையெழுத்தும் அந்த சில நாள்லதான் இருக்கு. உங்க ஊர்ல இந்த நம்பர் 30 வருஷத்துக்கு முன்ன 14, இப்போ 11ன்னு வந்தா, மழை சில நாள்லயே குவியுதுன்னு அர்த்தம்.

இது நிஜ மாற்றமா, தற்செயலா

எல்லா நம்பரையும் 1961லேர்ந்து 1990 வரைக்கும் ஒரு சராசரி, 1991லேர்ந்து 2020 வரைக்கும் ஒரு சராசரின்னு பிரிச்சு பாருங்க. 30 வருஷம் ஏன்னா, எல் நினோ, லா நினா (பசிபிக் கடல் வழக்கத்த விட சூடாகுறதும் குளிர்றதும்) மாதிரி விஷயங்கள் சில வருஷத்துக்கு ஒரு தடவ மழைய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிட்டே இருக்கும், 5 வருஷம் 10 வருஷத்த ஒப்பிட்டா அததான் அளப்பீங்க, காலநிலைய இல்ல. வறண்ட ஒரு எல் நினோ வருஷத்துல கணக்க ஆரம்பிச்சு ஒரு வெள்ள வருஷத்துல முடிச்சா எந்த ஊர்லயும் மழை ஏறுற மாதிரி காட்டலாம், வாட்ஸ்அப்ல வர்ற பாதி கிராஃப் அப்படிதான்.

கோடு போடணும்னா சாதாரண ட்ரெண்ட்லைன் மேல எனக்கு நம்பிக்கை கம்மி, ஒரே ஒரு பேய்மழை வருஷம் கோட்ட அப்படியே தூக்கிடும். அதுக்கு பதிலா சென் சரிவுன்னு ஒரு முறை இருக்கு, ரெண்டு ரெண்டு வருஷமா எல்லா ஜோடிக்கும் சரிவு கணக்கு போட்டு நடு மதிப்ப எடுக்குறது, தனியா ஒரு வருஷம் எகிறினாலும் அசையாது.

ஷீட்டே இல்லாம பண்ணக்கூடிய ஒரு சோதனை சொல்றேன். 60 வருஷ டேட்டால பெரிய 10 ஒருநாள் மழைய எடுத்து எழுதுங்க, எத்தனை பிந்தின 30 வருஷத்துல வருதுன்னு எண்ணுங்க. எதுவும் மாறலன்னா 5 பக்கம் இருக்கும், 6 வந்தா பேசாம இருங்க, 9 வந்தா யோசிக்கலாம். அதே மாதிரி சாதனை எத்தனை தடவ உடைஞ்சுதுன்னும் பாக்கலாம், மாறாத காலநிலைல 60 வருஷத்துல சாதனை முறியுறது முதல் வருஷத்தையும் சேத்து 4 அல்லது 5 தடவதான் இருக்கும், அதுலயும் கடைசி 30 வருஷத்துல ஒரு தடவ கூட நிச்சயம் இல்ல. 1981லேர்ந்து 2010 வரைக்கும் உலக அளவுல ஒருநாள் மழை சாதனைகள் இப்படி எதிர்பாக்குறத விட 12% அதிகமா உடைஞ்சிருக்கு.

இவ்வளவு பண்ணியும் உங்க ஸ்டேஷன் ஒண்ணும் காட்டலன்னா ஆச்சரியப்படாதீங்க. உலகம் பூரா 8,326 ஸ்டேஷனோட வருஷ உச்ச மழைய எடுத்து பாத்ததுல மூணுல ரெண்டு பங்கு ஏறுமுகம், மீதி இல்ல, ஏறினதுலயும் தனியா பாத்தா உறுதியா சொல்லக்கூடிய அளவுக்கு இருந்தது சொற்பம்தான். பெருமழை ரொம்ப இடத்துக்கு இடம் குதிக்குற விஷயம், மேகம் 10 கிலோமீட்டர் தள்ளிப் போய் கொட்டினா உங்க மானிக்கு தெரியாது. அதனால சுத்தி இருக்குற அஞ்சாறு ஸ்டேஷன சேத்து ஒண்ணா பாருங்க. ஒரு ஸ்டேஷன்ல தெரியலங்கறத வச்சு காலநிலை மாற்றமே பொய்னு சொல்றவங்களும், ஒரு வெள்ளத்த வச்சு எல்லாம் அதாலதான்னு சொல்றவங்களும் பண்றது ஒரே தப்பு.

ஒரு குறிப்பிட்ட மழைய காலநிலை மாற்றத்தோட முடிச்சு போடலாமா

போடலாம், ஆனா ஆமா இல்லன்னு இல்ல, எவ்வளவுன்னு கேக்கணும். சூடாகாத உலகத்தையும் இப்போ இருக்குற உலகத்தையும் கம்ப்யூட்டர் மாடல்ல ஓட்டி, அதே மழை ரெண்டுலயும் எவ்வளவு அடிக்கடி வருது, எவ்வளவு கனமா வருதுன்னு ஒப்பிடுறாங்க. 2017ல டெக்சாஸ்ல ஹார்வி புயல் 1,500 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அதுல சூடானதோட பங்கு சுமார் 15%, அந்த மாதிரி மழைக்கான வாய்ப்பு சுமார் 3 மடங்கு ஆனதா கணக்கு வந்துச்சு. 15%னு கேட்டா சின்னதா இருக்கும், மடங்குல கேட்டா மிரட்டும், ரெண்டும் ஒரே மழைதான், செய்தில எது போட்டிருக்குன்னு கவனிங்க.

ஐ.நா.வோட காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசி 2021ல போட்ட கணக்கும் இந்த ரெண்டு பாஷைலயும் இருக்கு. தொழிற்புரட்சிக்கு முந்தின காலத்துல 10 வருஷத்துக்கு ஒரு தடவ வந்த ஒருநாள் பெருமழை, 1 டிகிரி சூட்டுல 1.3 தடவ, 1.5 டிகிரில 1.5 தடவ, 2 டிகிரில 1.7 தடவ, 4 டிகிரில 2.7 தடவ. கனத்துல பாத்தா 1 டிகிரிக்கு சுமார் 7%, 2 டிகிரிக்கு 14%, 4 டிகிரிக்கு 30%. நிலப்பரப்பு முழுசுக்கும் சராசரி, உங்க ஊருக்கு அப்படியே ஒட்டாது.

நூறு வருஷ மழைங்கற பேச்சும் இங்க குழப்பும். இந்த வருஷம் வந்துடுச்சு, இன்னும் 99 வருஷம் வராதுன்னு அர்த்தம் இல்ல, ஒவ்வொரு வருஷமும் 1% வாய்ப்பு, அவ்வளவுதான். ஒரு வீட்டுல 30 வருஷம் இருந்தா அத ஒரு தடவையாவது பாக்குற வாய்ப்பு 26%. அதே மழை 50 வருஷத்துக்கு ஒண்ணா மாறிட்டா 45%.

கிடைச்ச நம்பர வச்சு என்ன பண்றது

1 மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர்ல 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரைல மணிக்கு 60 மில்லிமீட்டர் பெஞ்சா நிமிஷத்துக்கு 100 லிட்டர் பைப்புல இறங்கணும். 10% கூடினா 110, பைப்பு தாங்கிடும்னு தோணும். ஆனா தரைல கணக்கு வேற. மண்ணு முதல் 40 மில்லிமீட்டர குடிச்சுடும்னு வைங்க, 60 பெஞ்சா ஓடுறது 20, 66 பெஞ்சா ஓடுறது 26. மழை கூடினது 10%, ஓடுற தண்ணி கூடினது 30%. சிமெண்ட் போட்டு மூடின இடத்துல குடிக்க மண்ணே இல்ல, அங்க ஆரம்பத்துலயே முழுசும் ஓடும். இதனாலதான் மழை கொஞ்சம் மாறினாலும் வெள்ளம் ரொம்ப மாறுது, சில சமயம் உல்டாவாவும் போகும், நீண்ட வறட்சிக்கு அப்புறம் மண்ணு காஞ்சு கிடந்தா பெரிய மழைய கூட குடிச்சுடும்.

வடிகால், பாலம், மதகு எல்லாம் பழைய மழைப் பதிவ வச்சு, இவ்வளவு நேரத்துல இவ்வளவு கொட்டும்னு ஒரு அட்டவணை போட்டுதான் கட்டுறாங்க. வீடு வாங்கும்போதோ ஊர்ல வடிகால் வேலை நடக்கும்போதோ கேக்க வேண்டிய கேள்வி, எந்த வருஷத்திலேர்ந்து எந்த வருஷம் வரைக்குமான மழைய எடுத்தீங்க, சூட்டுக்குன்னு எத்தன சதவீதம் கூட்டி வச்சீங்கங்கறது. 1980க்கு முந்தின பதிவோட அட்டவணை நின்னுடுச்சுன்னா உங்க 30 வருஷ ஒப்பீட்ட எடுத்துட்டுப் போய் காட்டுங்க.

ஸ்டேஷன் தூரமா இருந்தா சொந்தமா ஒரு மழைமானி வைக்கலாம். சுவர், மரம் எதுவா இருந்தாலும் அதோட உயரத்துல ரெண்டு மடங்கு தூரம் தள்ளி, சமதரைல, வாய் நேரா மேல பாக்குற மாதிரி வைங்க. தினமும் ஒரே நேரத்துல பாருங்க, மழை இல்லாத நாள்லயும் 0ன்னு எழுதுங்க, ஊருக்குப் போயிட்டு வந்து மூணு நாள் தண்ணிய ஒண்ணா அளந்தீங்கன்னா அது மூணு நாள் மழைன்னு பக்கத்துல குறிச்சு வைங்க.